மூன்றாவதாக வந்தவர்

(இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்)

நம்ம ஹாஸ்டலில் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும் சண்டையில் பாதி, யார் பெரியவன் என்கிற சண்டைதான். கிரிக்கெட், சினிமா எல்லாம் முடிந்து ஒருநாள் பேச்சு கார் ரேஸில் வந்து நின்றது. ஒரு ரேஸில் நன்றாக ஓட்டியவர் யார் என்றால், முதலில் வந்தவர்தானே, இதில் என்ன கேள்வி என்று ரூமே ஒரே குரலில் சொன்னது. நான் மட்டும் இல்லை என்றேன். அன்றைக்கு என்னைப் பேச விடவில்லை. அதனால் ஆண்டு மலரில் எழுதுகிறேன். இங்கே யாரும் குறுக்கே பேச முடியாது பாருங்கள்!

என் சாட்சி ஜிம் கிளார்க். 1936 மார்ச் 4-ஆம் தேதி ஸ்காட்லாந்தில் கில்மேனி என்ற ஊரில் பிறந்தவர். நாலு அக்காவுக்குப் பிறகு ஒரே பையன். 1942-ல் குடும்பம் சர்ன்சைடு ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணைக்குக் குடிபோனது. பதினாறு வயதில் படிப்பை விட்டுவிட்டு ஆடு மேய்ச்சல், வயல் என்று பண்ணை வேலைக்கு வந்துவிட்டார். (வசதியான பண்ணைதான். எங்கள் வீட்டு ஒன்றரை ஏக்கர் மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம்.) ஒரே மகன், நிலத்தைப் பார்க்க வேண்டியவன், ரேஸ் எதற்கு என்று வீட்டில் ஒத்துக்கொள்ளவே இல்லை. இந்த இடம் எனக்கு நன்றாகப் புரிகிறது. டிப்ளமோ சேரும்போது எங்க அப்பா கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான்.

1956-ல் ஒரு நண்பரின் காரை வாங்கி முதல் ரேஸ் ஓட்டினார். 1958 டிசம்பரில் லோட்டஸ் கம்பெனி முதலாளி காலின் சாப்மனே ஓட்டிய ரேஸில் அவருக்கு அடுத்து இரண்டாவதாக வந்தார். சாப்மன் ஆளைக் குறித்து வைத்துக்கொண்டார். 1960-ல் ஃபார்முலா ஒன். அடுத்த வருஷம் இத்தாலியில் மோன்சா மைதானத்தில் இவர் காரும் வான் டிரிப்ஸ் என்பவர் காரும் உரசி, அவரும் பார்வையாளர்கள் பலரும் இறந்துபோனார்கள். அதே மைதானத்துக்கு வருஷா வருஷம் திரும்பிப் போய் ஓட்டினாரே, அதை நினைத்தால் எனக்கு இப்பவும் ஒரு மாதிரி இருக்கிறது.

1962-ல் உலகப் பட்டம் கைக்கு வந்த நேரம், கடைசி ரேஸில் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது ஒரு போல்ட் கழன்று ஆயில் ஒழுகிவிட்டது. ஒரு போல்ட்! ஒர்க்ஷாப்பில் ஸ்பானரை அலட்சியமாகப் பிடிக்கிறவர்கள் கவனிக்கவும். 1963-ல் பத்து ரேஸில் ஏழு ஜெயித்துப் பட்டம் வாங்கினார். 1964-ல் கடைசி ரேஸின் முடிவில் மறுபடியும் ஆயில், பட்டம் போச்சு. 1965-ல் மீண்டும் பட்டம், அதே வருஷம் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் 500 மைல் ரேஸும் அவருக்கே. மொத்தம் 72 ரேஸ் ஓட்டியதில் 25 வெற்றி. இரண்டாம் இடம் ஒரே ஒரு தடவைதான். ஜெயிப்பார், இல்லையென்றால் கார் படுத்துவிடும்.

சரி, வழக்குக்கு வருகிறேன். 1967 செப்டம்பர் 10, மோன்சா. ஒரு சுற்று 5.75 கிலோமீட்டர், மொத்தம் 68 சுற்று. நீளமான நேர்ப்பாதைகள். வேகத்தைக் குறைக்கும் வளைவுகள் அப்போது அங்கே இன்னும் போடப்படவில்லை. முன்னால் போகிற கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், ஒட்டி வருகிறவனுக்குத் தடை குறைவு. லாரிக்குப் பின்னால் சைக்கிள் மிதித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் எல்லோரும் கும்பலாகத்தான் ஓடுவார்கள், ஒருவன் மட்டும் பிய்த்துக்கொண்டு போவது கஷ்டம்.

முதலில் போய்க்கொண்டிருந்த கிளார்க்குக்கு 13-வது சுற்றில் டயர் போச்சு. மாற்றிக்கொண்டு வந்தபோது ஒரு முழுச் சுற்று பின்னால்! நாமாக இருந்தால் காரை ஓரமாக விட்டிருப்போம். அவர் முன்னணிக் கும்பலைப் பிடித்துத் தாண்டினார். அதே லோட்டஸில் ஓட்டிய கிரஹாம் ஹில்லும் அவரும் ஒருவருக்கொருவர் காற்றை மறைத்துக்கொடுத்து மற்றவர்களை விட்டு விலகினார்கள். 59-வது சுற்றில் ஹில்லின் இன்ஜின் உடைந்தது. 61-வது சுற்றில் பிரபாம், சர்டீஸ் இருவரையும் தாண்டி கிளார்க் முதலிடம்!

நான் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அங்கே ஒரு சுற்றுக்குச் சுமார் 90 வினாடி. 48 சுற்றில் அதைப் பிடிக்க, சுற்றுக்கு ஏறக்குறைய 2 வினாடி மிச்சம் பிடிக்க வேண்டும். அதுவும் ஒரு தப்பும் செய்யாமல். லோட்டஸ் வேகமான கார் என்று எதிர்க்கட்சி சொல்லும், சொல்லட்டும், உண்மைதான். ஆனால் அன்றைய வேகமான சுற்றும் கிளார்க்குடையதே, 1 நிமிஷம் 28.5 வினாடி. தகுதிச் சுற்றில் முதலிடம் பிடிக்க அவர் எடுத்ததும் அதே நேரம். ரேஸில் பெட்ரோல் பாரத்தோடு அதைச் செய்ததைக் கவனியுங்கள்.

கடைசிச் சுற்றில் பெட்ரோல் இன்ஜினுக்கு ஏறவில்லை. திக்கித் திக்கி மூன்றாவதாக வந்தார். முதலில் வந்தது ஹோண்டாவில் சர்டீஸ், 0.2 வினாடி வித்தியாசத்தில். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கடைசி வளைவில் ஆயிலுக்காக சிமெண்ட் தூவியிருந்த பக்கம் பிரபாமைப் போக விட்டு, அவர் வழுக்கியதும் தாண்டிப் போனாரே, அது மூளை. கோப்பை அவருக்கு நியாயமாகச் சேர வேண்டியதுதான். ஆனால் அன்றைக்கு ஓட்டியதில் சிறந்தவர் யார் என்று என்னைக் கேட்டால், மூன்றாவதாக வந்தவர் என்றுதான் சொல்வேன். பன்னிரண்டு வருஷம் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, முதல் செமஸ்டரில் போர்டில் எழுதியது எதுவும் புரியாமல் ரெண்டு அரியரோடு ஆரம்பித்தவன் நான். ஒரு சுற்று பின்னால் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

1968 ஜனவரி 1-ல் தென்னாப்பிரிக்காவில் 25-வது வெற்றி. ஏப்ரல் 7-ல் ஜெர்மனியில் ஹாக்கன்ஹைம் மைதானத்தில், பெரிய முக்கியத்துவம் இல்லாத ஒரு ஃபார்முலா டூ ரேஸில், கார் பாதையை விட்டு மரங்களில் மோதியது. பின் டயரில் காற்று இறங்கியிருக்கலாம் என்கிறார்கள். வயது 32. கல்யாணம் ஆகவில்லை.

சர்ன்சைடு கல்லறையில் அவர் பெயருக்குக் கீழே முதலில் விவசாயி என்று வெட்டியிருக்கிறார்கள். உலக சாம்பியன் என்பதும் இண்டியானாபோலிஸும் அதற்கு அப்புறம்தான். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு நம்ம காலேஜ் விண்ணப்பப் படிவம் ஞாபகம் வந்தது. தந்தையின் தொழில் என்ற இடத்தில் எழுதக் கூச்சப்பட்டு ஒரு கோடு போட்டுக் கொடுத்திருந்தேன். ஸ்காலர்ஷிப் படிவத்திலும் அந்த இடம் உண்டு. அடுத்த வாரம் கொடுக்க வேண்டும்.