ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள தேய்ஞ்ச பிரேக்... பெர்த்தா பென்ஸ் என்ன செஞ்சார் தெரியுமா?

புதுச்சேரியில இருந்து செஞ்சி வழியா திருவண்ணாமலைக்கு கார்ல போறீங்கன்னு வெச்சுக்குவோம். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. நடுவுல செஞ்சியில நிறுத்தி, ராஜகிரிக் கோட்டையைப் பார்த்தபடி ஒரு டீ. இந்தத் தூரத்துக்கு உங்க கார் பிரேக் பேட் தேய்ஞ்சது கண்ணுக்கே தெரியாது. ஆனா 1888-ல, கிட்டத்தட்ட இதே தூரம் போறதுக்குள்ள ஒரு காரோட பிரேக் தேய்ஞ்சே போச்சு. அந்தப் பயணத்தை நடத்தினவர், பெர்த்தா பென்ஸ்.

1849 மே 3-ம் தேதி, ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரில் பிறந்தவர் பெர்த்தா. கல்யாணத்துக்கு முன்பே, தனக்கு வரவேண்டிய சீதனப் பணத்தை வாங்கி, கார்ல் பென்ஸின் தொழிலில் போட்டார். 1872-ல் இருவருக்கும் திருமணம். 1886-ல் மூணு சக்கர மோட்டார் வண்டிக்கு கார்ல் காப்புரிமை வாங்கினார். ஆனா, குதிரை இல்லாத வண்டியை நம்பி வாங்கத்தான் ஆள் இல்லை. பெர்த்தாவின் பணமும் குடும்பத்தோட எதிர்காலமும் அந்த வண்டியிலதான் முடங்கிக் கிடந்துச்சு.

1888 ஆகஸ்ட்ல ஒருநாள், கணவர்கிட்ட சொல்லாமலேயே வண்டியை எடுத்தார் பெர்த்தா. கூட மகன்கள் ஆய்கன், ரிச்சர்ட். ஒருத்தருக்கு 15 வயசு, இன்னொருத்தருக்கு 13. மான்ஹைம்ல இருந்து தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் பயணம். பெட்ரோல் பங்க் கிடையாது. வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில எரிபொருள் வாங்கினார். எரிபொருள் குழாய் அடைச்சுக்கிட்டப்போ, தொப்பி ஊசியால குத்திச் சரிபண்ணினார். மேடு வந்தா பசங்க இறங்கித் தள்ளினாங்க.

உண்மையான ஆபத்து இறக்கத்துலதான். சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும் பிரேக், மரக்கட்டை. இறங்க இறங்க அது தேய்ஞ்சு, பிடிமானம் போச்சு. வழியில ஒரு கிராமத்துல செருப்புத் தைப்பவரைப் பிடிச்சு, கட்டை மேல தோலை ஆணி அடிச்சுப் பொருத்தச் சொன்னார். உலகத்தின் முதல் பிரேக் லைனிங்னு இதைத்தான் சொல்றாங்க. தேய்றது தோலா இருந்தா, கழட்டி மாத்திக்கலாம், கட்டை தப்பிக்கும்.

இன்னைக்கும் அதே கணக்குதான். பேட் தேயணும், டிஸ்க் தப்பிக்கணும். பொதுவா முன்பக்க பேட் 30,000 முதல் 60,000 கிலோமீட்டர் வரை தாங்கும். ஒரு டிஸ்க், ரெண்டு செட் பேடுக்காவது வரும். டிராஃபிக்ல அடிக்கடி பிரேக் மிதிச்சா, இதெல்லாம் குறையும். பேட் கனம் 3 மில்லிமீட்டருக்கு வந்துட்டா மாத்திடுங்க. கீச்னு சத்தம் வந்தா, அது எச்சரிக்கை. இரும்பு உரசுற சத்தம் வந்தா, பேட் முடிஞ்சு டிஸ்க்கைத் தின்ன ஆரம்பிச்சாச்சு, செலவு டபுள். மலை இறங்கும்போது கியரைக் குறைச்சு இறங்கினா, பிரேக் சூடாகாது.

பத்திரமா போய்ச் சேர்ந்த பெர்த்தா, கணவருக்குத் தந்தி அடிச்சார். திரும்பி வந்ததும் வண்டியில இருந்த குறைகளைச் சொல்ல, மேடு ஏற இன்னொரு கியரைச் சேர்த்தார் கார்ல். வண்டி மேல ஜனங்களுக்கு நம்பிக்கை வந்துச்சு. 1944-ல், 95-வது பிறந்தநாள் முடிஞ்ச ரெண்டாவது நாள் பெர்த்தா காலமானார்.

அடுத்த தடவை செஞ்சியில டீக்கு நிறுத்தும்போது, டயர் காத்தோட சேர்த்து பிரேக் பேடையும் ஒரு மெக்கானிக்கிட்ட காட்டிட்டுக் கிளம்புங்க.