சர்ச்சுக்கு வந்த கூட்டத்தைச் சந்தேகித்த மயிலாடி பாதிரியார்: யார் இந்த ரிங்கல்தௌபே?

கூட்டம் கூடினால் எந்தப் பாதிரியாருக்கும் சந்தோஷம்தானே? பிரஷ்யாவில் 1770-ல் பிறந்த வில்லியம் டோபியாஸ் ரிங்கல்தௌபே வேற ரகம்.

லண்டன் மிஷன் சார்பில் 1806-ல் திருவிதாங்கூருக்கு வந்தார். அழைத்தது மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம். 1809-ல் அங்கே ஆலயமும் எழுந்தது.

ஜனங்க வந்தாங்க. ஆனால், எல்லோரும் சாமி கும்பிட மட்டும் வரலை. தலைவரி, கூலியே இல்லாத ஊழிய வேலை, சாதிக் கொடுமை... சபையில் சேர்ந்தால் இதிலிருந்தெல்லாம் தப்பலாம் என்று பலர் நம்பினர். ரிங்கல்தௌபேக்கு இது தெரியும். அதனால் ஞானஸ்நானம் கொடுப்பதில் அவசரம் காட்டவில்லை. முதுகில் அவ்வளவு சுமையோடு வருபவரிடம் பக்தியை மட்டும் தனியாகப் பிரித்து எடைபோட முடியுமா என்ன?

தன் சம்பளத்தை ஏழைகளுக்கே கொடுத்துவிட்டு, எளிய உடையில் திரிந்தவர் அவர். உடல்நிலை கெட்டதால், 1816-ல் சபையை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார். பிறகு எங்கே, எப்படி இறந்தார் என்பது இன்றுவரை மர்மம்தான்.