ஆலன் டூரிங்: கணிப்பொறிக்கும் கைப்பேசிக்கும் மூதாதை

நம் கல்லூரி மாணவருள் கைப்பேசி இல்லாதார் இந்நாளில் மிக அரியர். காஞ்சிபுரத்துக்கு மேற்கேயுள்ள தாமல் ஏரிப் பாசனத்தில் உழுதுண்டு வாழ்வாரின் மடியிலும் அஃது இடம்பெற்றுவிட்டது. 2011-ஆம் ஆண்டிலேயே உலகச் சந்தைக்கு அனுப்பப்பெற்ற திறன்பேசிகளின் தொகை, கணிப்பொறிகளின் தொகையை விஞ்சிற்று. மேசைமேல் வீற்றிருந்து கோலோச்சிய கணிப்பொறியை உள்ளங்கையில் அடங்கும் இச்சிறு கருவி அரியணையினின்றும் இறக்கிவிட்டதோ என்று பலரும் ஐயுறுகின்றனர். இவ்வையத்தைத் தீர்க்கப் புகுவோர், அவ்விரண்டுக்கும் பொது மூதாதையாகிய ஒருவரின் வரலாற்றை முதற்கண் அறிதல் நலம். அவரே ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலக் கணிதப் புலவர்.

டூரிங்கின் குடும்பம் நம் நாட்டுக்கு அயலானதன்று. அவர்தம் அன்னையார் ஈதல் சாரா ஸ்டோனி, 1881-இல் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரிற் பிறந்தவர். அன்னையாரின் தந்தை சென்னை ரெயில்வேயில் தலைமை எஞ்சினியராய் விளங்கியவர். டூரிங்கின் தந்தையார் ஜூலியஸ், சென்னை மாகாணத்தில் சிவில் சர்வீஸ் உத்தியோகம் வகித்தவர். மூத்த மைந்தர் ஜான் 1908-இல் குன்னூரிற் பிறந்தார். இளையவராகிய ஆலன் 1912-ஆம் ஆண்டு ஜூன் 23-இல் இலண்டனிற் பிறந்தார். பெற்றோர் உத்தியோகத்தின் பொருட்டு இந்தியா திரும்பியபோது, மைந்தர் இருவரையும் இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவரின் இல்லத்தில் விட்டுவந்தனர். ஆதலின் ஆலனின் இளமை, பெற்றோரைப் பெரும்பாலும் பிரிந்தே கழிந்தது.

1926-இல் ஷெர்போர்ன் பள்ளியிற் சேரப் புறப்பட்ட நாளில், நாடெங்கும் வேலைநிறுத்தத்தால் ரெயில்கள் ஓடவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவர், சவுதாம்டன் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 60 மைல் சைக்கிளிலேயே சென்று பள்ளியை அடைந்தார். தாம் மேற்கொண்டதை எவ்வாற்றானும் முடிக்கும் இவ்வியல்பு அவரைவிட்டு என்றும் நீங்கவில்லை. பள்ளியில் அவர் உயிரெனப் போற்றிய தோழர் கிறிஸ்டபர் மார்க்கம் 1930-இல் இறந்தார். மனம் என்பது யாது, உடலோடு அதற்குள்ள தொடர்பு யாது என்னும் வினா அத்துயரினின்றும் அவர் உள்ளத்தில் வேரூன்றிற்று. 1931-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிற் புகுந்து, 1935-இல் தம் 22-ஆம் வயதிலேயே அக்கல்லூரியின் ஆய்வாளர் பதவி பெற்றார்.

1936-இல் அவர் எழுதிய கட்டுரையே கணிப்பொறி இயலுக்கு அடிப்படையாயிற்று. கட்டங்கள் பகுத்த முடிவில்லா நாடா ஒன்றையும், அதில் ஒவ்வொரு கட்டமாகக் குறிகளைப் படித்தும் அழித்தும் எழுதியும் செல்லும் பொறி ஒன்றையும் அவர் கற்பனை செய்தார். விதிப்படி செய்தற்குரிய எக்கணக்கையும் இவ்வெளிய பொறியாற் செய்யலாம் என்று காட்டினார். அதனினும் வியப்பானது மற்றொன்று. ஒரு பொறியின் செயல்முறையையே குறிகளாக நாடாவில் எழுதிக் கொடுத்தால், வேறொரு பொதுப்பொறி அதனைப் படித்து அவ்வாறே ஒழுகும் என்று அவர் நிறுவினார். காஞ்சிப் பட்டுத் தறியைக் காண்க. ஜக்கார்டுப் பெட்டியில் துளையிட்ட அட்டைகளை மாற்றினால், அன்னம் நெய்த தறியே மயிலும் நெய்யும். தறியைப் பிரித்துப் புதிதாய்க் கட்டவேண்டுவதில்லை. அதுபோல், கட்டளையை மாற்றின் ஒரு பொறியே பல பொறியாகும் என்பது டூரிங் கண்ட உண்மை.

1939 செப்டம்பரில் போர் மூண்டவுடன் அவர் பிளெட்ச்லி பார்க் என்னும் மறைவிடத்திற் பணி ஏற்றார். ஜெர்மானியர் எனிக்மா என்னும் பொறியால் மறைத்தனுப்பிய செய்திகளை அறிதலே ஆங்குள்ளார் தொழில். போலந்து நாட்டுக் கணித அறிஞர் முன்னரே வகுத்த வழியைப் பின்பற்றியும் விரித்தும், பாம் என்னும் தேடுபொறியை டூரிங் வடிவமைத்தார். சிறப்பாக, கடற்படைச் செய்திகளின் மறைவை உடைத்ததால், அட்லாண்டிக் கடலில் உணவேற்றி வந்த கப்பல்கள் பல நீர்மூழ்கிகளுக்குத் தப்பின. இத்தொண்டு முழுவதும் அரசாங்க இரகசியமாகவே இருந்தது. உலகம் அதனை அறிந்தது அவர் மறைந்து இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே.

போர் முடிந்தபின் தேசிய பெளதிக ஆய்வுக்கூடத்தில் கணிப்பொறி ஒன்றுக்குத் திட்டம் வகுத்தார். வேலை தாமதப்பட்டமையால் மனம் சலித்து, 1948-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் சென்றார். பொறி சிந்திக்குமோ என்னும் வினாவை ஆராய்ந்து 1950-இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் அறிஞரிடையே விவாதிக்கப்படுகிறது. 1951-இல் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார்.

இனிக் கூறுவது வருந்தத்தக்கது. ஆடவர் ஒருவரோடு கொண்ட உறவின் பொருட்டு, அந்நாட்டு அக்காலச் சட்டம் 1952-இல் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. சிறைக்கு மாறாக, ஹார்மோன் மருந்தை ஓராண்டு உடலில் ஏற்க அவர் இசைந்தார். அரசாங்க இரகசியப் பணியினின்றும் விலக்கப்பட்டார். 1954 ஜூன் 7-இல், 42 வயது நிரம்புமுன், சயனைடு நஞ்சால் உயிர் நீத்தார். தற்கொலை என்றது விசாரணை. தற்செயலாய் நேர்ந்தது என்றே அன்னையார் இறுதிவரை நம்பினார். போத்தனூரிற் பிறந்த அம்மூதாட்டியார் தாமே மகனின் வரலாற்றை எழுதி 1959-இல் வெளியிட்டார். நாட்டைக் காத்த மகனை நாடு நடத்திய விதத்துக்குப் பிரதம மந்திரி 2009-இல் மன்னிப்பு வேண்டினார். 2013-இல் அரசியாரின் மன்னிப்பாணை பிறந்தது. 2021-இல் வெளியான ஐம்பது பவுண்டு நோட்டில் அவர் திருவுருவம் பொறிக்கப்பட்டது. நீதி வந்தது, பெறவேண்டியவர் இல்லை.

இனி, தொடக்கத்து ஐயத்துக்கு வருவோம். 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தனியாள் கணிப்பொறியைச் சந்தைக்குக் கொணர்ந்தது. டூரிங் பயின்ற கேம்பிரிட்ஜ் நகரிலேயே 1985-இல் ஆர்ம் என்னும் சிறு மின்சில்லு உருவாயிற்று. மின்சாரத்தை மிகச் சிக்கனமாய்ச் செலவிடும் அவ்வமைப்பே இன்று ஏறக்குறைய எல்லாத் திறன்பேசிகளிலும் உள்ளது. தாமலைக் கடந்து செல்லும் நெடுஞ்சாலையில் கிழக்கே உள்ள ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா கைப்பேசிகள் ஆயின. இந்நாளில் ஐபோன்கள் ஆகின்றன. மேசைக் கணிப்பொறியும் கைப்பேசியும் உருவில் வேறு. இயல்பில் இரண்டும் டூரிங் கண்ட பொதுப்பொறியே. ஆகவே, இளையது மூத்ததை வென்றது என்பதினும், ஒரே கருத்து வேறோர் உடல் கொண்டது என்பதே பொருந்தும்.

ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. விசைப்பலகையின் முன் அமர்ந்தவர் எழுதவும், பொறிக்குப் புதுக் கட்டளை இயற்றவும் எளிதில் முற்படுவர். கைப்பேசியை ஏந்தியவரோ பிறர் இயற்றியதைக் கண்டு களிப்பதோடு பெரும்பாலும் அமைந்துவிடுகின்றனர். பொதுப்பொறியை வேடிக்கைப் பெட்டியாகச் சுருக்குதல் பொறியின் குற்றமன்று, நம் குற்றமே.

மாணவ நண்பர்களே! உங்கள் கையிலுள்ள கருவி எதுவாயினும், அதற்குக் கட்டளை இடுவோராய் உயர முயலுங்கள். அக்கருவிக்கு வித்திட்டவர் தம்மினின்றும் வேறுபட்டவர் என்ற காரணத்துக்காக உலகம் அவரை வருத்தியது என்பதையும் மறவாதீர்கள். நம் வகுப்பறையில் தனித்து அமர்ந்திருக்கும் ஒருவரிடம் அன்போடு பேசுதலே அவருக்கு நாம் செலுத்தும் தக்க நன்றியாகும்.