கார் புகையை வடிகட்டிய பிரெஞ்சுக்காரர்: யார் இந்த யூஜின் ஹூட்ரி?

காருக்கு அடியில், இன்ஜினுக்கும் சைலன்ஸருக்கும் நடுவே ஒரு இரும்பு டப்பா இருக்கும். அதுதான் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். இது பழுதானால், பல மாடல்களுக்கும் பொருந்தும் ‘யுனிவர்சல்’ வகையை வாங்கி, பழையதை அறுத்துவிட்டு வெல்டிங் வைத்து மாட்டுவதும் உண்டு. இன்ஜின் அளவுக்கு ஏற்றதா, டப்பா மேல் உள்ள அம்புக்குறி புகை போகும் திசையில் இருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் சரிதான். ஆனால் விவரம் தெரிந்த மெக்கானிக், பழையது ஏன் போச்சு என்றுதான் முதலில் தேடுவார். இன்ஜின் ஆயிலைக் குடித்தாலோ, எரியாத பெட்ரோலைத் தள்ளினாலோ புதுசும் சீக்கிரம் போயிடும்.

வினையூக்கியைக் கெடுப்பது எது? யூஜின் ஹூட்ரி தன் வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியது இந்தக் கேள்வியோடுதான்.

1892-ல் பாரிஸ் பக்கத்தில் உள்ள டோமோன் ஊரில் பிறந்தார். அப்பா வசதியான இரும்புத் தொழிலதிபர். மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்து முதல் மாணவராக வந்தவர், முதல் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்து 1917-ல் படுகாயமடைந்தார். ஊர் திரும்பியதும் பிடித்துக்கொண்டது கார் ரேஸ் ஆசை. 1922-ல் அமெரிக்கா போய் ஃபோர்டு தொழிற்சாலையையும் இண்டியானாபொலிஸ் பந்தயத்தையும் பார்த்தார். வேகத்துக்கு நல்ல இன்ஜின் மட்டும் போதாது, நல்ல பெட்ரோலும் வேணும் என்பது அவருக்குப் புரிந்தது.

முதலில் பழுப்பு நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்கப் பார்த்தார். 1929-ல் சோதனை ஆலையே ஓடியது, ஆனால் செலவு கட்டுப்படியாகவில்லை. பிறகு கனமான கச்சா எண்ணெயை வினையூக்கி மூலம் உடைத்துப் பெட்ரோலாக்கும் வேலையில் இறங்கினார். அதில் ஒரு தொல்லை. கொஞ்ச நேரத்திலேயே வினையூக்கி மேல் கரி படிந்து, அது வேலை செய்வதை நிறுத்திவிடும். அந்தக் கரியைக் காற்று விட்டு எரித்துவிட்டு, அதே வினையூக்கியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார் ஹூட்ரி.

1930-ல் அமெரிக்க எண்ணெய் நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது. 1937-ல் பென்சில்வேனியாவின் மார்கஸ் ஹூக்கில் சன் ஆயில் நிறுவனம் பெரிய ஆலையைத் தொடங்கியது. பழைய முறையில் கால் பங்குதான் பெட்ரோல் கிடைக்கும். இங்கே கிட்டத்தட்ட பாதி, அதுவும் உயர் ஆக்டேன் தரத்தில். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் விமான எரிபொருளுக்கு இது பெரிய பலம். அதே நேரம், ஜெர்மனிக்குப் பணிந்த விஷி அரசை எதிர்த்து டி கோலை ஆதரித்ததால் 1941-ல் அவருடைய பிரெஞ்சுக் குடியுரிமை பறிக்கப்பட்டது. அடுத்த வருடமே அமெரிக்கக் குடிமகனானார்.

போர் முடிந்தது. லாஸ் ஏஞ்சலிஸை மூடிய புகைமூட்டம் பற்றிய செய்திகள் வர ஆரம்பித்தன. பெட்ரோலைப் பெருக்கித் தந்தவர், அதன் புகையை அடக்கவும் வழி தேடினார். 1950 வாக்கில் ‘ஆக்ஸி-கேட்டலிஸ்ட்’ என்ற நிறுவனம் தொடங்கினார். பிளாட்டினம் பூசிய பரப்பின் மேல் சூடான புகையை ஓடவிட்டால், விஷமான கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாக மாறும். எரியாத பெட்ரோல் கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் மாறும். 1956-ல் காப்புரிமையும் கிடைத்தது.

ஆனா சாலையில் ஓடிய கார்களில் அது நிலைக்கவில்லை. காரணம், இன்ஜின் தட்டாமல் ஓட அந்தக் காலத்தில் பெட்ரோலில் கலந்த ஈயம். அது பிளாட்டினத்தின் மேல் படிந்து அதைச் செயலிழக்க வைத்தது. கரி என்றால் எரித்துவிடலாம், ஈயத்தை என்ன செய்வது? பெட்ரோலிலிருந்தே அதை எடுத்தாக வேண்டும். அது ஒரு கண்டுபிடிப்பாளர் கையில் இல்லை.

1962-ல், 70 வயதில் ஹூட்ரி காலமானார். 1970-ல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 1975 மாடல் கார்களில் கன்வெர்ட்டர் வர, அவற்றுக்காகவே ஈயமில்லா பெட்ரோலும் பங்குகளுக்கு வந்தது. இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தாவில் புதிய பெட்ரோல் கார்களுக்கு கன்வெர்ட்டர் கட்டாயமானது. இங்கேயும் ஈயமில்லா பெட்ரோல் கூடவே வந்தது.