தொட்டாற்சிணுங்கியை ஆராய்ந்தவர்

குட்டீஸ், பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் ஈரமான வரப்போரங்களில் தொட்டாற்சிணுங்கியைப் பார்த்திருக்கிறீர்களா? தொட்டதும் இலைகளை மூடிக்கொள்ளும். முள் குத்தினால் நாம் கையை இழுத்துக்கொள்கிறோமே, அதைப் போலத்தான் இதுவுமா? இதற்கு விடை தேடியவர் ஜகதீஷ் சந்திர போஸ்.

1858 நவம்பர் 30 அன்று, இன்றைய வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். அப்பா அரசு அதிகாரி. ஆனாலும் மகனைத் தாய்மொழிப் பள்ளியில்தான் சேர்த்தார். இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய போஸ், 1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். வெள்ளைக்காரர்களுக்கு ஒரு சம்பளம், இந்தியர்களுக்குக் குறைந்த சம்பளம்! போஸ் மூன்று ஆண்டுகள் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார். கடைசியில் நிர்வாகம் இறங்கிவந்து, முழுத் தொகையையும் கொடுத்தது. பிடிவாதக்காரர்தான்!

முதலில் ரேடியோ அலைகளை ஆராய்ந்தார். பிறகு செடிகள் பக்கம் திரும்பினார்.

நம் விரலில் முள் குத்தியதும் என்ன நடக்கிறது தெரியுமா? நரம்பு செல்லுக்குள் சோடியம் அயனிகள் பாய்ந்து, சிறு மின்துடிப்பு எழுகிறது. அது நரம்பிழை வழியே முதுகுத்தண்டுக்கு ஓடுகிறது. ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே நுண்ணிய இடைவெளி உண்டு. அங்கே ஒரு வேதிப்பொருள் சுரந்து அடுத்த செல்லை எழுப்பும். கையை இழுக்கும் உத்தரவு முதுகுத்தண்டிலிருந்தே வந்துவிடும்! மூளைக்குச் சேதி சற்றுப் பிந்தித்தான் போகும்.

தொட்டாற்சிணுங்கியிலும் மின்துடிப்பு ஓடுகிறது என்று போஸ் கண்டார். நம் நரம்பில் நொடிக்குப் பல மீட்டர் வேகம். செடியிலோ சில சென்டிமீட்டர்தான். துடிப்பு காம்பின் அடியை எட்டியதும் அங்குள்ள செல்களிலிருந்து நீர் வெளியேறும், இலை தொங்கிவிடும். இலையின் அசைவைத் தானே வரைந்து காட்டும் கருவியையும் அவர் செய்தார். குளோரோஃபார்ம் கொடுத்தபோது செடியும் மயங்கிப்போனது!

1901இல் லண்டன் ராயல் சொசைட்டியில் இதை விளக்கினார். உடலியல் அறிஞர்கள் ஏற்கவில்லை. கட்டுரை அச்சேறாமல் முடங்கியது. போஸ் விடவில்லை. 1914இல் செடிகளையே ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்ச் சோதனை செய்து காட்டினார். 1917இல் கல்கத்தாவில் சொந்தமாக ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். 1920இல் அதே ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1937 நவம்பர் 23 அன்று மறைந்தார்.

செடிகளுக்கும் நரம்பு மண்டலம் உண்டு என்றே அவர் நம்பினார். அது சரியல்ல; செடிகளில் நரம்பு செல்கள் கிடையாது. ஆனால் மின்துடிப்பு உண்மை. நம் மூளையில் செல்லுக்குச் செல் சேதி கடத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று குளுட்டமேட். புழு கடித்த இலையிலிருந்து மற்ற இலைகளுக்கு எச்சரிக்கையைக் கிளப்பிவிடுவதும் அதே குளுட்டமேட்தான் என்று 2018இல் ஜப்பான், அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.