உக்கிராணக்காரர் தேவசகாயம்



நம் திண்டுக்கல் பூட்டுக்கு நாடெங்கும் பேர். ஆனால் எவ்வளவு நல்ல பூட்டும் திருடனைத்தான் தடுக்கும். தொழுவத்து மாடு சாவதையும் வயலில் பயிர் அழிவதையும் தடுக்காது. இதைத் தம் வீட்டிலேயே கண்டறிந்தவர் வேதசாட்சியான அர்ச். தேவசகாயம். அவர் பட்ட அடிகளைப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறீர்கள். அவருடைய சொத்துக் கணக்கை இந்த வாரம் கேளுங்கள்.

1712-ம் வருஷம் ஏப்ரல் 23-ந் தேதி, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில், வசதியுள்ள உயர்குலக் குடும்பத்தில் பிறந்தார். பேர் நீலகண்டன், மனைவி பார்கவி. திருவிதாங்கூர் மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் அரண்மனையில் உத்தியோகம். கை சுத்தமானவர், பிறர் பொருளுக்குப் பொறுப்பாக நிற்கத் தகுந்தவர் என்ற நம்பிக்கை இல்லாமல் அப்படிப்பட்ட அலுவல் ஒருவருக்குக் கிடைக்காது.

அப்போதுதான் வீட்டில் அடி விழுந்தது. மாடுகள் மடிந்தன, விளைச்சல் போயிற்று. மனமொடிந்தவரின் முகவாட்டத்தைக் கண்டு காரணம் விசாரித்தவர் டிலனாய் என்ற கத்தோலிக்கத் தளபதி. 1741-ல் குளச்சல் யுத்தத்தில் டச்சுப் படையோடு பிடிபட்டு, பின்பு மகாராஜாவின் சேனைக்கே பயிற்சி கொடுத்தவர் அவர். நீலகண்டனுக்கு அவர் யோப் என்பவரின் சரித்திரத்தைச் சொன்னார். ஏழாயிரம் ஆடு, மூவாயிரம் ஒட்டகம், ஐந்நூறு ஏர் மாடு எல்லாம் ஒரே நாளில் போயும் சர்வேசுரனைத் தூஷிக்காத மனிதர் யோப்.

யோப் இழந்தது இரட்டிப்பாய்த் திரும்பிற்று என்பது உங்களுக்குத் தெரியும். நம்மில் அநேகர் ஞாபகம் வைத்திருப்பதும் அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டுந்தான். பசு செத்தால் மந்திரவாதியிடம் ஓடுகிறவர்களும் உண்டு. இவ்வளவு தந்தால் இவ்வளவு என்று வேளாங்கண்ணி மாதாவிடம் பேரம் பேசுகிறவர்களும் உண்டு. நீலகண்டன் பேரம் பேசவில்லை. 1745 மே 14-ந் தேதி வடக்கன்குளத்தில் சேசு சபைக் குரு புத்தாரி சுவாமியாரிடம் ஞானஸ்நானம் பெற்று, லாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று தரித்துக்கொண்டார். பார்கவி ஞானப்பூ ஆனாள். அதன்பின் அவர்களுக்கு ஒன்றும் இரட்டிப்பாகவில்லை. இருந்ததும் ஒவ்வொன்றாய்ப் போயிற்று.

முதலில் போனது குல மரியாதை. அதை யாரும் பறிக்கவில்லை, அவரே விட்டார். தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். நிலத்தைக்கூடத் தானமாய் எழுதி வைப்போம். இந்தச் சொத்தை மட்டும் கல்லறை மட்டும் கொண்டுபோகிறவர்கள் நாம். அரண்மனையில் பகை மூண்டதற்கு இது ஒரு பெரிய காரணம்.

1749 பெப்ருவரியில் கைதானார். உத்தியோகம் போயிற்று. எருமைமேல் பின்முகமாய் உட்காரவைத்து ஊரூராய் இழுத்துச் சென்று அடித்தார்கள். வேதத்தை மறுதலித்திருந்தால் தப்பியிருக்கலாம். ஏறக்குறைய மூன்று வருஷம் சகித்தார். வீட்டையும் உறவையும் விட்டு வடக்கன்குளம் போய்ச் சேர்ந்த ஞானப்பூவை நம் தாய்மார்கள் நினைக்கவேண்டும். கணவன் இழந்ததெல்லாம் அவளும் இழந்ததுதானே!

1752 ஜனவரி 14-ந் தேதி ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் கோயிலில் அவர் கல்லறை இருக்கிறது. 2022 மே 15-ந் தேதி உரோமையில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரை அர்ச்சியசிஷ்டராக அறிவித்தபோது, பிள்ளை என்ற குலப்பட்டம் சேர்க்கப்படவில்லை. தேவசகாயம் என்று அழைக்கப்பட்ட லாசர் என்றே வாசித்தார்கள்.

அவர் திருநாள் ஜனவரி 14. அறுப்பு வீடு சேரும் பொங்கல் சமயம் அது. அன்று காலைப் பூசைக்குப்பின் கோயில் முற்றத்தில் மாடுகளை ஆசீர்வதிப்போம். விளைச்சல் கண்ட வீட்டார் புதுநெல்லில் ஒரு மரக்கால் கொண்டுவாருங்கள்; இவ்வருஷம் மாடோ பயிரோ இழந்த வீடுகளுக்கு, சாதி பாராமல், அன்றே பகிர்ந்து கொடுக்கப்படும்.