நம்பகத்தன்மை நோக்கில் அறிஞர் அண்ணாவின் தேர்தல் வாழ்வு: தென்சென்னை 1967

முன்னுரை

எதிர்க்கட்சித் தலைவர் ஒருவருக்குத் திரளும் கூட்டமும் அவருக்கு விழும் வாக்கும் ஒன்றாக இருப்பதில்லை. கேட்போரை ஈர்க்கும் நாவன்மை வேறு. ஆட்சியை ஒப்படைக்கலாம் என்ற நம்பிக்கை வேறு. பேரறிஞர் அண்ணா என்று தமிழர் போற்றும் கா.ந. அண்ணாதுரையின் (1909-1969) பொதுவாழ்வு இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவைக் கடந்த வரலாறாகும். தமிழின் தலைசிறந்த மேடைப் பேச்சாளராக அறியப்பட்ட பின்னரும் ஆட்சிப் பொறுப்பை எய்த அவருக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. அவர் வாக்காளரின் நம்பிக்கையை எவ்வாறு ஈட்டினார் என்பதை, 1967இல் அவரைத் தேர்ந்தெடுத்த தென்சென்னையை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மேடையும் வாக்குப்பெட்டியும்

காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் 1909 செப்டம்பர் 15ஆம் நாள் பிறந்த அண்ணா, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றார். நீதிக்கட்சியின் வேட்பாளராகச் சென்னை மாநகராட்சித் தேர்தலில் பெத்துநாயக்கன்பேட்டைத் தொகுதியில் நின்று தோல்வியுற்றதே அவருடைய முதல் தேர்தல் பட்டறிவு. பின்னர்ப் பெரியாரின் தலைமையை ஏற்று, 1938இல் இராஜாஜி அமைச்சரவையின் கட்டாய இந்திக்கு எதிரான போராட்டத்தில் சிறை சென்றார். 1944இல் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியபோது அதற்கான தீர்மானம் அவர் பெயரிலேயே அமைந்தது.

1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியது. புதிய கட்சி 1952 பொதுத்தேர்தலில் நேரடியாகப் போட்டியிடவில்லை. 1956இல் திருச்சி மாநாட்டில் தொண்டர்களின் கருத்தை வாக்கெடுப்பின் வழி அறிந்த பின்னரே கட்சி தேர்தல் களத்தில் இறங்க முடிவு செய்தது. 1957 தேர்தலில் அதற்கு 15 சட்டமன்ற இடங்கள் கிடைத்தன. அண்ணா காஞ்சிபுரத்தில் வென்றார். 205 இடங்களைக் கொண்ட அவையில் காங்கிரசு 151 இடங்களைப் பெற்றிருந்தது. முறைப்படியான எதிர்க்கட்சித் தலைவர் பொறுப்பும் வி.கே. இராமசாமி முதலியாரிடமே இருந்தது. மக்கள் அரங்கில் காங்கிரசின் முதன்மை எதிராளியாகக் கருதப்பட்ட அண்ணா, அவைக்குள் ஒரு சிறு குழுவின் தலைவராகவே அமர்ந்திருந்தார்.

1959 சென்னை மாநகராட்சித் தேர்தலில் நிலை மாறத் தொடங்கியது. 100 இடங்களுள் 45 இடங்களைத் தி.மு.க. பெற்றது, அக்கட்சியின் அ.பொ. அரசு மேயரானார். குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு போன்ற அன்றாடப் பணிகளில் கட்சியை அளந்து பார்க்கும் வாய்ப்பு நகர வாக்காளருக்கு இதனால் கிட்டியது. மேடைக் கட்சி என்ற அடையாளத்தோடு நிருவாகக் கட்சி என்ற அடையாளமும் சென்னையில்தான் முதலில் இணைந்தது எனலாம்.

தலைவரின் தோல்வியும் கட்சியின் வளர்ச்சியும்

1962 தேர்தல் முடிவு ஆய்வாளர் கவனத்திற்கு உரியது. தி.மு.க. 50 சட்டமன்ற இடங்களையும் 7 மக்களவை இடங்களையும் வென்றது. முந்தைய தேர்தலில் தி.டி. கிருஷ்ணமாச்சாரியைத் தேர்ந்தெடுத்திருந்த தென்சென்னை மக்களவைத் தொகுதி, இம்முறை தி.மு.க.வின் நாஞ்சில் கி. மனோகரனைத் தேர்ந்தெடுத்தது. ஆயினும் அண்ணா தம் சொந்த ஊரான காஞ்சிபுரத்தில் காங்கிரசு வேட்பாளர் எஸ்.வி. நடேச முதலியாரிடம் தோல்வியுற்றார். கட்சி மும்மடங்கிற்கு மேல் வளர்ந்த அதே தேர்தலில் தலைவர் அவைக்கு வெளியே நிற்க நேர்ந்தது. ஒரு தலைவரின் செல்வாக்கும் அவருடைய தொகுதி வெற்றியும் ஒரே அளவுகோலால் அளக்கத்தக்கன அல்ல என்பதை இம்முடிவு உணர்த்துகிறது.

மாநிலங்களவை உறுப்பினராக 1962இல் தில்லி சென்ற அண்ணா, மே மாதத்தில் ஆற்றிய தம் முதல் உரையில் தன்னாட்சி உரிமைக் கோரிக்கையை முன்வைத்தார். தோற்ற தலைவர் என்ற நிலை அவரை ஒதுக்கிவிடவில்லை. அனைத்திந்திய அளவில் அவர் குரல் கேட்கப்படுவதற்கு அதுவே வழிவகுத்தது.

கைவிட்டதும் தக்கவைத்ததும்

அண்ணாவின் நம்பகத்தன்மைக்குப் பெருந்தடையாக நின்றது திராவிட நாட்டுக் கோரிக்கை. தொண்டருக்கு எழுச்சி தந்த அதே முழக்கம், நடுநிலை வாக்காளருக்கு ஐயத்தைத் தந்தது. 1962 அக்டோபரில் சீனப் போர் மூண்டபோது அண்ணா நாட்டின் பாதுகாப்பு முயற்சிகளுக்கு ஆதரவளித்தார். பிரிவினை கோரும் கட்சிகள் தேர்தலில் நிற்க இயலாத நிலையை உருவாக்கிய அரசமைப்புச் சட்டத்தின் 16ஆம் திருத்தம் 1963இல் நிறைவேறியது. அவ்வாண்டிலேயே கட்சி அக்கோரிக்கையைக் கைவிட்டது.

இதனைச் சட்டத்திற்கு அஞ்சிய பின்வாங்கல் என்று அன்றைய எதிர்த்தரப்பினர் கருதினர். கொள்கையை இழந்த கட்சி தொண்டரையும் இழக்கும் என்ற எதிர்பார்ப்பும் நிலவியது. அண்ணாவோ பிரிவினைக்கான காரணங்களாகத் தாம் எடுத்துரைத்த மொழியுரிமை, தொழில் வளர்ச்சியில் வடக்கு தெற்கு வேறுபாடு, மாநில அதிகாரம் ஆகியவற்றை விட்டுவிடவில்லை. நிறைவேற்ற இயலாததைக் கைவிட்டு, நிறைவேற்றத்தக்கதை மாநில உரிமை என்ற வடிவில் தக்கவைத்துக்கொண்டார். 1965 சனவரியில் இந்தி ஆட்சிமொழியாகவிருந்த சூழலில் எழுந்த மாணவர் கிளர்ச்சி, மொழியுரிமை வெறும் மேடைப்பொருள் அன்று என்பதைக் காட்டியது. கோடம்பாக்கம் சிவலிங்கம், விருகம்பாக்கம் அரங்கநாதன் ஆகியோரின் தீக்குளிப்பு சென்னையை உலுக்கியது. அண்ணா கைது செய்யப்பட்டார். கிளர்ச்சி வன்முறையாக மாறியபோது அதனை நிறுத்துமாறு மாணவரை அவர் வேண்டினார். எழுச்சியைத் தூண்டவல்லவர் என்று அறியப்பட்டவர், அதனைக் கட்டுப்படுத்த முனைபவராகவும் வாக்காளர் முன் நின்றார்.

தென்சென்னை 1967

1967 தேர்தலில் அண்ணா தென்சென்னை மக்களவைத் தொகுதியைத் தெரிவு செய்தார். மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு முதலிய பகுதிகள் வழக்கறிஞர், அரசு அலுவலர், ஆசிரியர் முதலிய படித்த நடுத்தர வகுப்பினர் செறிந்தவை. பிராமணர் எதிர்ப்பியக்கத்தின் வழித்தோன்றலாகக் கருதப்பட்ட கட்சியிடம் இவர்களுள் ஒரு பிரிவினர்க்கு அச்சம் இருந்தது இயல்பே. இந்த அச்சத்தைத் தணித்தவருள் முதன்மையானவர் தியாகராயநகர் பசுல்லா சாலையில் வாழ்ந்த இராஜாஜி. 1938இல் எவருடைய ஆட்சி அண்ணாவைச் சிறையிட்டதோ அவரே 1967இல் சுதந்திராக் கட்சியின் தலைவராக அண்ணாவுக்கு வாக்குக் கேட்டார். அதே தியாகராயநகரின் திருமலைப்பிள்ளை சாலையிலிருந்துதான் காமராசர் காங்கிரசை இயக்கினார். கூட்டணியில் மார்க்சிஸ்ட் கட்சி, முஸ்லிம் லீக், சோசலிசக் கட்சிகள் ஆகியனவும் இணைந்தன. தமிழரசுக் கழகத்தின் ம.பொ.சிவஞானம் தியாகராயநகர்ச் சட்டமன்றத் தொகுதியில் நின்று வென்றார்.

பல்வேறு கொள்கையினரை ஓரணியில் சேர்த்தது சந்தர்ப்பவாதம் என்ற திறனாய்வை எளிதில் புறந்தள்ள இயலாது. எனினும் வாக்காளர் நோக்கில் அதன் பயன் வேறு. தி.மு.க.வை ஐயுற்ற ஒவ்வொரு பிரிவினரும் தாம் நம்பும் ஒருவரை அந்த அணியில் கண்டனர். அவர்களுடைய நம்பிக்கை அண்ணாவுக்கான பிணையாக அமைந்தது. அரிசித் தட்டுப்பாட்டால் காங்கிரசு வெறுப்பைச் சம்பாதித்திருந்த வேளையில், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதை இலக்காகவும் ஒரு படியை உறுதியாகவும் வேறுபடுத்திக் கட்சி வாக்களித்தது. விருப்பத்தையும் உறுதிமொழியையும் பிரித்துரைத்த இந்த அளவறிந்த முறை கருதத்தக்கது.

சட்டமன்றத்திற்கு நில்லாமல் மக்களவைக்கு நின்றதை, மாநில ஆட்சி கைகூடும் என்று உறுதியாக எதிர்பார்த்தவரின் தெரிவாகக் கொள்ள இயலாது. முடிவு அவருடைய எதிர்பார்ப்பை விஞ்சியது எனலாம். 174 இடங்களில் நின்ற தி.மு.க. 137 இடங்களை வென்றது. மக்களவைக்கு நிறுத்திய 25 வேட்பாளரும் வெற்றி பெற்றனர். விருதுநகரில் காமராசரும் திருப்பெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலமும் தோற்றனர். ஆனால் காங்கிரசு ஏறத்தாழ 41 விழுக்காட்டு வாக்குகளைப் பெற்றிருந்தது, தி.மு.க.வின் பங்கும் ஏறத்தாழ அதே அளவினதே. எனவே இவ்வெற்றியைப் பேரலையாக மட்டும் விளக்குதல் பொருந்தாது. சிதறிக் கிடந்த எதிர்ப்பு வாக்குகளை ஒன்றுசேர்த்த நம்பிக்கையே அதன் அடித்தளம்.

ஆட்சி என்னும் உரைகல்

1967 மார்ச் 6ஆம் நாள் ஒன்பதின்மர் கொண்ட அமைச்சரவை பொறுப்பேற்றது. அண்ணா சட்டமன்ற மேலவை உறுப்பினரானார். அவர் விட்டுவிலகிய தென்சென்னையில் நடந்த இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வென்றார். வாக்காளரின் நம்பிக்கை தனிமனிதரைக் கடந்து கட்சிக்கும் உரியதாகிவிட்டதை இது காட்டும். மே மாதத்தில் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் தொடங்கப்பட்டது. நிதிச்சுமையால் அதனை மாநிலம் முழுவதற்கும் விரிக்க இயலவில்லை. உறுதி என்று கூறியதும் ஓரளவே நிறைவேறியது என்பது அவருடைய நம்பகத்தன்மையின் எல்லையைக் குறிக்கும். மறுபுறம், சுயமரியாதைத் திருமணச் சட்டம், 1968 சனவரியின் இருமொழிக் கொள்கைத் தீர்மானம், தமிழ்நாடு என்னும் பெயர் மாற்றம் ஆகியன நிறைவேறின.

1969 சனவரி 14ஆம் நாள் தியாகராயநகரில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் சிலையைத் திறந்துவைத்ததே அவர் கலந்துகொண்ட இறுதிப் பொதுநிகழ்ச்சி. பிப்ரவரி 3ஆம் நாள் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் அவர் மறைந்தார். அவர் ஆட்சி இரண்டாண்டுகளைக்கூட எட்டவில்லை.

முடிவுரை

அண்ணாவின் தேர்தல் வாழ்வு பின்வரும் முடிபுகளைத் தருகிறது. நாவன்மை அவரை அறிமுகம் செய்தது. மாநகராட்சிப் பொறுப்பு அவர் கட்சியைச் சோதித்தது. நிறைவேறாத கோரிக்கையைக் கைவிட்ட முடிவு ஐயத்தைக் குறைத்தது. முன்னாள் எதிரிகளின் துணை அந்த ஐயத்தை வாக்காக மாற்றியது. இவற்றுள் எதுவும் தனித்து நின்று 1967இன் முடிவைத் தந்திருக்க இயலாது. தம்மை ஐயுறுவோரின் காரணங்களை மதித்து, அவற்றுக்கேற்பத் தம் நிலைப்பாட்டைத் திருத்திக்கொண்டதே அண்ணாவை எதிர்க்கட்சி மேடையிலிருந்து முதலமைச்சர் இருக்கைக்கு உயர்த்தியது.